ஐவர்சனை இடம் மாற்றியது தப்பா?

வணக்கம் ஐயா,

ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கிறேன். ஆபீஸில் ஒரு தீராத சண்டை. அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஆலன் ஐவர்சனை பாயிண்ட் கார்டாகவே (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்) விட்டிருந்தால் ஒரு என்பிஏ (அமெரிக்க லீக்) கோப்பையாவது ஜெயித்திருப்பார், ஷூட்டிங் கார்டாக (புள்ளி எடுப்பதே முக்கிய வேலை) மாற்றித்தான் கோச் அவரைக் கெடுத்தார் என்கிறார் நண்பர். பெரிய ஆட்டக்காரர் பாதியில் இடம் மாறினால் பெயர் கெட்டுவிடுமா?

எம்.

அன்புள்ள எம்.,

நான் உங்கள் நண்பர் கட்சி இல்லை. 1996இல் புது ஆட்டக்காரர்கள் தேர்வில் முதல் ஆளாகத் தேர்வாகி ஃபிலடெல்ஃபியா அணிக்கு வந்தபோது ஐவர்சன் பாயிண்ட் கார்டுதான். ஆறடி ஆளுக்கு வேறு இடம் கொடுக்க யாருக்குத் தோன்றும்? பந்தைக் கொண்டுவருவது, மற்றவர்களை ஆடவைப்பது, கடைசியில் தானே கூடையில் போடுவது, எல்லாம் அவர் தலையில். 1998-99 சீசனில் கோச் லாரி பிரவுன் முதல் இரண்டு வேலையையும் பெரும்பாலும் அணித்தோழர் எரிக் ஸ்னோவிடம் கொடுத்தார். அந்த சீசனிலேயே ஐவர்சன் சராசரி 26.8 புள்ளி எடுத்து லீக்கில் முதலிடம். 2000-01இல் 31.1, கூடவே எம்விபி (சீசனின் தலைசிறந்த ஆட்டக்காரர்) விருது.

சரி, ஆறடி ஆள் ஆறரை அடி ஷூட்டிங் கார்டை எப்படித் தடுப்பார்? பிரவுனின் சாமர்த்தியமே இங்கேதான். உயரமான ஆளை ஸ்னோ பிடித்துக்கொள்வார். ஐவர்சன் எதிரணி பாயிண்ட் கார்டோடு நிற்பார், பாஸ் போகும் வழியில் பாய்ந்து பந்தைப் பறிப்பார். 2001 முதல் 2003 வரை மூன்று சீசன் தொடர்ந்து ஸ்டீலில் (இப்படிப் பந்தைப் பறிப்பதில்) அவர்தான் முதல். ஆக, பந்து நம்மிடம் இருந்தால் ஷூட்டிங் கார்டு, அவர்களிடம் போனால் பாயிண்ட் கார்டு! இடம் மாறியது பாதிதான். மீதிப் பாதியைத் தாங்கிய ஸ்னோவை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

குறை இல்லாமல் இல்லை. எம்விபி வாங்கிய அந்த சீசனிலும் எறிந்ததில் 42 சதவீதம்தான் உள்ளே போனது. ஆனால் கோப்பை போனதற்குக் காரணம் அதுவல்ல. 2001 ஃபைனல்ஸில் (நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை) எதிரணி ஊரான லாஸ் ஏஞ்சல்ஸுக்கே போய் முதல் ஆட்டத்தில் 48 புள்ளி எடுத்து ஜெயித்தார். அடுத்த நான்கும் தோல்வி. எதிரே கூடைக்கு அடியில் ஆடும் பிரம்மாண்டமான சென்டர் ஷக்கீல் ஓநீல். ஐவர்சன் எந்த இடத்தில் ஆடியிருந்தாலும் அந்த மலையை நகர்த்தியிருக்க முடியாது.

உங்கள் ஜோகன்னஸ்பர்கில் பிறந்த ஸ்டீவ் நாஷைப் பாருங்கள். கடைசிவரை பாயிண்ட் கார்டு, இரண்டு எம்விபி, ஆட்டக்காரராகக் கோப்பை இல்லை. இடம் மாறாததால்தான் கோப்பை கிடைக்கவில்லை என்று அவரை யாராவது குறை சொல்கிறார்களா?

முன்வரிசையில் (ஃபார்வேர்டு) ஆடிவந்த லெப்ரான் ஜேம்ஸ் கதை வேறு. 2019-20இல், தன் 17ஆவது சீசனில், பாயிண்ட் கார்டாகி சராசரி 10.2 அசிஸ்ட் (மற்றவர் கூடையில் போட வழிசெய்யும் பாஸ்) கொடுத்தார். அதில் லீக்கிலேயே முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை, கோப்பையும் வந்தது. பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம் ஆந்தனி டேவிஸ் இருந்ததையும் மறக்கக் கூடாது.

பெயர் கெடுமா என்று கேட்டீர்கள். கடைசி வருஷங்களில் பெரும்பாலும் சென்டராக ஆடிய டிம் டங்கனை உலகம் இன்னும் தலைசிறந்த பவர் ஃபார்வேர்டு (சென்டருக்குப் பக்கத்து இடம்) என்றுதான் சொல்கிறது. எங்கள் டர்பன் பையன், தென்னாப்பிரிக்க கிரிக்கெட் ஆட்டக்காரர் செனுரான் முத்துசாமியும் மேல்வரிசை பேட்ஸ்மேனாகத்தான் வளர்ந்தார். 2019இல் முதல் டெஸ்டில் சுழல் போட்டு எடுத்த முதல் விக்கெட் கோலி. 2025இல் குவாஹாட்டியில் ஏழாவதாக இறங்கி 109 அடித்தார். அவர் எந்தப் பெயரில் நிற்பார் என்று இப்போதே சொல்ல முடியுமா? (கிரிக்கெட்டை இழுக்காமல் என்னால் பதில் எழுத முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நண்பரை அந்த முதல் ஃபைனல்ஸ் ஆட்டத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். புள்ளிக்கணக்கை விட்டுவிட்டு, எதிரணி ஷூட்டிங் கார்டு கோபி பிரையன்டை யார் பிடிக்கிறார்கள் என்று மட்டும் கவனிக்கட்டும். பெரும்பாலும் அது ஐவர்சன் இல்லை.