அப்பாவிடம் ஏன் கேட்கிறார்கள்?

வணக்கம் அக்கா,

அப்பாவுக்கு 66 வயது. புரொஸ்டேட்டில் புற்றுநோய், இன்னும் பரவவில்லை என்றார்கள். டொக்டர் நூறு மனித உருவங்கள் போட்ட தாள்களைத் தந்து, "சத்திரசிகிச்சை, கதிர்ச் சிகிச்சை, இப்போதைக்குக் கண்காணிப்பது, இந்த மூன்றில் எது வேண்டும்? இரண்டு கிழமை யோசித்து வாருங்கள்" என்றார். வெள்ளிதோறும் கோணேசர் கோயிலுக்கு ஏறும் மனிதர் இப்போது வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். படித்தவர் டொக்டர்தானே, எங்களிடம் ஏன் கேட்கிறார்? நாளைக்கு ஏதும் நடந்தால் பழி எங்கள் மேல் வரட்டும் என்றா?

ஒரு மகள், உப்புவெளி

அன்புத் தங்கைக்கு,

"டொக்டர் சொன்னால் சரி" என்று வளர்ந்தவர்கள் நாம். அதனால் உங்கள் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அந்த டொக்டர் மேல் எனக்கு மரியாதைதான் வருகிறது.

பாம்பு கடித்து வருபவரிடம் யாரும் இப்படித் தாளை நீட்ட மாட்டார்கள். அங்கே வழி ஒன்றுதான். அப்பாவின் நோய் வேறு மாதிரி. பிரித்தானியாவில் இதே மூன்று வழிகளில் 1643 ஆண்களைப் பிரித்துப் பல வருடம் பார்த்தார்கள். 15 வருட முடிவு 2023இல் வந்தது. எந்த வழியில் போனவர்களிலும் இந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 100க்கு 2 அல்லது 3 பேர்தான். வித்தியாசம் மற்றவற்றில் இருந்தது. கண்காணிப்பில் இருந்தவர்களில் 100க்கு 9 பேருக்கு நோய் வேறு இடத்துக்குப் பரவியது. மற்ற இரண்டிலும் 5 பேருக்கு. கண்காணிப்பில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிறகு சிகிச்சைக்குப் போனார்கள். சத்திரசிகிச்சை செய்தவர்களில் 100க்கு 46 பேர் ஆறாம் மாதத்தில் சிறுநீர் கசிவதால் பேட் வைத்திருந்தார்கள். கண்காணிப்பில் 4 பேர். ஆறு வருடத்தில் அந்த 46, 17 ஆகக் குறைந்தது.

சரி, இதில் எது பெரிது? சிறுநீர் கசிகிற உடம்போடு கோயிலுக்குள் போவதற்கு மனம் வராத ஒருவருக்கு அந்த 46 என்ற எண் மிகப் பெரியது. உடம்புக்குள் நோய் இருக்கிறதே என்று இரவில் தூங்க முடியாத ஒருவருக்கு அந்த 9தான் பெரியது. அப்பா இவர்களில் யார் என்று எந்த ஸ்கேனும் காட்டாது. அதற்காகத்தான் டொக்டர் கேட்டிருக்கிறார்.

இப்படியான தாள்களைப் பற்றி 209 ஆய்வுகளைத் திரட்டி 2024இல் ஒரு மதிப்பீடு வந்தது. அவற்றைப் பயன்படுத்தியவர்களுக்குத் தங்கள் நோயைப் பற்றி அதிகம் தெரிந்திருந்தது, நன்மை தீமையின் அளவும் சரியாகப் பிடிபட்டிருந்தது, மனக்குழப்பமும் குறைந்திருந்தது.

என் அம்மாவுக்குக் கருப்பையை எடுத்தபோது இப்படி ஒரு தாள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. டொக்டர் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். பக்கத்தில் நின்றவர் அதைத் தமிழில் ஒரே வரியாக்கினார்: "கையெழுத்து வையுங்கள்." வைத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு அம்மா, "எடுக்காமல் வேறு வழி இருந்ததா பிள்ளை?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது.

திருகோணமலையில் பாதிப் பேச்சு மொழிபெயர்ப்பிலேயே போய்விடுகிறது. நூறு பேரில் மூன்று பேர் என்பதைக் காட்ட நூறு உருவங்களில் மூன்றுக்கு மட்டும் நிறம் தீட்டியிருந்தால் அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. ஆனால் தாளைக் கொடுத்ததோடு டொக்டரின் வேலை முடியாது. அவரை நீங்கள் அதோடு விட்டுவிடவும் கூடாது. அடுத்த முறை, "இவருடைய வயதையும் உடம்பையும் பார்த்தால் உங்கள் எண்ணம் என்ன?" என்று நேராகக் கேளுங்கள். சொல்ல வேண்டியது அவர் கடமை. தமிழ் தெரிந்த தாதி ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லி வையுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அண்ணன், மாமா, மருமகன் எல்லோரும் கூடி முடிவெடுக்க விடாதீர்கள். ஒரு பின்னேரம் அப்பாவை மட்டும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். எதை நினைத்தால் அவருக்கு அதிகம் பயமாக இருக்கிறது என்று கேளுங்கள். உடனே சொல்ல மாட்டார், காத்திருங்கள். அவர் சொல்வதை அவருடைய வார்த்தையிலேயே அந்தத் தாளின் பின்பக்கம் எழுதி டொக்டரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா