காந்தாரா: பேசியது சாமியா, ஆளா?

கேள்வி: ‘காந்தாரா’ படத்தைச் சிலர் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறார்கள். சிலர் பாதியிலேயே எழுந்து போய்விட்டோம் என்கிறார்கள். உங்களுக்கு எப்படி இருந்தது?

எனக்கே இந்தப் படத்தைப் பற்றி இரண்டு அபிப்பிராயம். ஒன்று கொழும்பில் வந்தது, மற்றது மலையகத்தில் அட்டன் பக்கம் எங்கள் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், வந்தது.

2022 நவம்பர் கடைசியில் அமேசான் பிரைமில் வந்ததும் போர்டிங் அறையில் தனியாகப் பார்த்தேன். முதல் ஒரு மணி நேரம் எரிச்சல்தான். கதாநாயகன் சிவா குடிக்கிறான், அடிக்கிறான், பன்றி வேட்டைக்குப் போகிறான், கதாநாயகி லீலாவின் இடுப்பைக் கிள்ளுகிறான். அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளைக்கு அவன்மேல் ஆசை வருகிறது. படம் வந்தபோதே இந்த இடத்தைப் பலர் திட்டினார்கள், திட்ட வேண்டிய இடம்தான். கடைசி இருபது நிமிடம் சிவாவாக நடித்த ரிஷப் ஷெட்டி ஆடியது பெரிய ஆட்டம், மறுக்கவில்லை. அவருக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் தெய்வம் உடம்பில் ஏறி வில்லனை முடிப்பதற்கு இரண்டரை மணி நேரமா என்று நினைத்துக்கொண்டு லேப்டொப்பை மூடிவிட்டேன்.

டிசம்பர் லீவுக்கு ஊருக்குப் போனேன். “ஏதோ சாமிப் படமாமே, போடு பாப்போம்” என்றார் அம்மா. அப்பாயி அடுப்படியிலிருந்து பலகையை இழுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். கரண்ட் வெட்டுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று சாயங்காலமே போட்டோம்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. கர்நாடகக் கரையோரம், துளு நாட்டுப் பக்கம். 1847-இல் மனநிம்மதி இல்லாத ஒரு ராஜா காட்டில் ஒரு தெய்வக் கல்லைப் பார்த்து அமைதி அடைகிறார். கல் வேண்டும் என்கிறார். சாமியாடி வழியாகப் பஞ்சுருளி தெய்வம் ஒரு நிபந்தனை போடுகிறது: என் கூப்பாடு எட்டும் தூரம்வரை உள்ள நிலத்தை இந்த ஜனங்களுக்குக் கொடு. கொடுக்கிறார். 1970-இல் ராஜாவின் வாரிசு நிலத்தைத் திருப்பிக் கேட்கிறான். 1990-இல் வன அதிகாரி ஒரு பக்கம், நல்லவன் போலப் பேசும் பண்ணையார் ஒரு பக்கம், நடுவில் சிவா.

அந்தக் கூப்பாடு இருக்கிறதே, ‘ஓ...’ என்று வயிற்றிலிருந்து கிளம்பும் அலறல், கொழும்பில் ஹெட்போனில் கேட்டபோது ஒன்றும் ஆகவில்லை. லயத்தில் கதை வேறு. எங்கள் காம்பராக்களுக்கு, அதாவது லயத்து அறைகளுக்கு, நடுவில் சுவர் உண்டு, மேலே கூரைக்கடியில் எல்லாம் திறந்துதான் கிடக்கும். இங்கே தும்மினால் அஞ்சாவது காம்பராவில் “நூறு ஆயுசு” என்பார்கள். முதல் அலறலிலேயே சின்னம்மா அவிழ்ந்த கூந்தலோடு கையில் திருநீற்றுக் கிண்ணத்தோடு ஓடி வந்துவிட்டார். “ஆருக்கு சாமி வந்திருச்சு?” அம்மா லேப்டொப்பைக் காட்டினார். சின்னம்மா ஒரு நிமிஷம் முறைத்தார், அப்புறம் அங்கேயே உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார். (பஞ்சுருளியின் கணக்குப்படி அன்றைக்கு ஆறு காம்பராவும் எங்கள் குடும்பத்துக்குச் சேர்ந்திருக்க வேண்டும்.)

எல்லாரும் கடைசிச் சண்டையைப் பற்றியே பேசுகிறார்கள். படத்தின் உயிர் எனக்கு ஆரம்பத்தில், அந்த 1970 காட்சியில் இருக்கிறது. தெய்வம் நிலத்தைத் தரமுடியாது என்று சொன்னதும் வாரிசு கேட்கிறான்: இப்படிப் பேசுவது தெய்வமா, ஆடுகிற ஆளா? ஆடுகிறவர் சொல்கிறார், பேசியது நானென்றால் என்னைப் பிடித்துவிடுவீர்கள், தெய்வமென்றால் பிடிக்க முடியாது. சொல்லிவிட்டுக் காட்டுக்குள் ஓடி மறைந்துபோகிறார்.

அந்த இடத்தில் அப்பாயி “உங்க பெரியப்பன்” என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு விளங்கிவிட்டது.

பெரியப்பாவுக்கு முனி வரும். இஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, போகும் முடக்கில் மரத்தடியில் ஒரு கல், ஒரு அரிவாள், அதுதான் கோயில். திருவிழா ராத்திரி தப்புச் சத்தம் ஏற ஏற அவருக்கு உடம்பு முறுக்கும். எனக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு தடவை, பகலெல்லாம் அவரை “டேய்” என்று கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றார். “மக கலியாணம் தள்ளிக்கிட்டே போகுதுங்க சாமி.” பெரியப்பா அவரை “வாடா” என்று கூப்பிட்டு நெற்றி நிறையத் திருநீறு பூசினார். நான் அம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.

விடிந்ததும் பிரட்டு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் நேரம். ராத்திரி முழுக்க ஆடிய உடம்பு, பெரியப்பா பத்து நிமிடம் பிந்திப் போனார். கணக்கப்பிள்ளை செக்ரோலில், அதாவது வருகைப் பதிவில், அரைப்பேர் போட்டார், அரைநாள் கூலிதான். அப்போதும் அவர் நெற்றியில் பெரியப்பா பூசிய திருநீறு பாதி அழியாமல் இருந்ததாம். அதைச் சொல்லிச் சொல்லிப் பெரியப்பாவே சிரிப்பார்.

பூத கோலத்திலும், அதாவது படத்தில் வரும் அந்தத் துளு நாட்டுத் தெய்வ ஆட்டத்திலும், நடப்பது இதுதான். பரம்பரையாக ஆடுகிறவர்கள் நலிகே, பம்பத, பரவ போன்ற ஒடுக்கப்பட்ட சமூகத்தார். ஒரு ராத்திரி மட்டும் பண்ணையார் கைகட்டி நிற்பார், ஆடுகிறவர் அவரைக் கேள்வி கேட்பார். விடிந்தால் பழைய வரிசை. படத்தில் சாதியை இன்னும் நேராகப் பேசியிருக்கலாம் என்று விமர்சித்தவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் எங்கள் கணக்கப்பிள்ளை ஒரு நாளும் “பேசுறது முனியா நீயா” என்று கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தேன். எங்கள் முனி சுருட்டு கேட்டது, கோழி கேட்டது, சாராயம் கேட்டது. நிலம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்தக் கேள்வி அடுத்த நிமிடமே வந்திருக்கும்.

படத்து ராஜா நிலம் கொடுக்கிற 1847-இல் இங்கே இலங்கையில் கோப்பி (காபி) காலம். எங்கள் ஆட்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைப் பக்கம் காடு வழியே நடந்து வந்துகொண்டிருந்தார்கள், வழியில் செத்தவர்கள் போக. காடழித்து கோப்பி போட்டோம், கோப்பி செத்ததும் தேயிலை போட்டோம். 1948-இல் பிரஜாவுரிமையும் போனது. தோட்டம் 1970களில் அரசாங்கத்தின் கைக்குப் போய், 1992-இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனது. குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணி என்ற கதை வந்தது, சிலருக்கு வீடும் வந்தது. எங்கள் லயத்தில் இன்றைக்கும் யார் பெயரிலும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. இதை வைத்துக்கொண்டு பார்க்கும்போது ‘கூப்பாடு எட்டும் தூரம்’ என்ற வசனம் சினிமா வசனமாக எனக்குக் கேட்கவில்லை.

அதனாலேயே முடிவில் ஏமாற்றமும் எனக்கு அதிகம். பண்ணையார் ஒழிகிறான், சரி. பிறகு தெய்வம் வன அதிகாரியின் கையையும் ஊராரின் கையையும் சேர்த்துப் பிடித்து நெஞ்சில் வைத்துக்கொள்கிறது. பார்க்க அழகு. ஆனால் அதுவரை வேலி போட்டவர் அந்த அதிகாரிதான். அவர் மனம் மாறினால் போதுமா, அடுத்த அதிகாரி வந்தால்? பத்திரம் எங்கே? நான் இப்படிச் சொன்னதும் அம்மா, “சாமிக்கிட்டயே பத்திரம் கேப்பியா நீ” என்று திட்டினார். அம்மாவுக்கு அந்தக் காட்சிதான் படம்.

படம் வந்த சூட்டில் பூத கோலம் இந்து மரபா, அதற்கும் முந்திய பழங்குடி வழிபாடா என்று பெரிய சண்டை நடந்தது. கன்னட நடிகர் சேத்தன் சொன்ன கருத்துக்குப் பொலிஸ் வழக்கே பதிவானது. எனக்கு இதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. இஸ்டோர் மெஷினுக்குக் காவலிருக்கும் ரோதை முனி எந்த வேதத்தில் வருகிறார் என்று எங்கள் தோட்டத்தில் யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான் சொல்வேன். பெரியப்பாவின் முனிக்கு இப்போது டைல்ஸ் போட்டு, கூரை போட்டு, குருக்கள் வைத்துவிட்டார்கள். கோழி நின்றுபோனது. பெரியப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்குப் பிறகு யாருக்கும் முனி வரவில்லை.

படத்தின் ‘வராஹ ரூபம்’ பாட்டு தைக்குடம் பிரிட்ஜ் இசைக்குழுவின் ‘நவரசம்’ போல இருக்கிறது என்று வழக்கானதால் முதலில் ஓடிடியில் வேறு மெட்டில் வந்தது, பிறகு பழையதே திரும்பியது. கொழும்பில் எனக்குப் பிடிக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 2025-இல் வந்த முன்கதையை இன்னும் பார்க்கவில்லை.

பார்ப்பதாக இருந்தால் தனியாக ஹெட்போனில் பார்க்காதீர்கள், நாலு பேரோடு சத்தமாக வைத்துப் பாருங்கள். லயத்தில் இருக்கிறவர்கள் முன்கூட்டியே பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.