டொக்டரிடம் ஏன் கேட்கவில்லை, தம்பி?

கேள்வி: கனடாவிலிருந்து அண்ணா ஆகஸ்டில் வருகிறார். அப்பா, அம்மா, நாங்கள் எல்லோருமாக இந்தியாவின் வடக்கே இமயமலையில் இருக்கும் லடாக் போவதாக முடிவு. டெல்லி, மணாலி, அங்கிருந்து வாகனத்தில் லே நகரம், பிறகு கர்துங் லா கணவாயைத் தாண்டி நுப்ரா பள்ளத்தாக்கின் மணல்மேடுகள். வழியில் ஒரே ஒரு இரவு, சர்ச்சுவில். செலவு முழுக்க அண்ணாவுடையது. அப்பாவுக்கு 71 வயது. இரண்டு வருடத்துக்கு முன் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தது. இப்போது நல்ல சுகம், போன ஏப்ரலில் நுவரெலியாவுக்குக்கூட வந்தார். டொக்டரிடம் இன்னும் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார். உயரமான இடத்துக்குப் போகிறவர்கள் எடுக்கும் டயமொக்ஸ் மாத்திரை போட்டால் போதும் என்கிறார் அண்ணா. அப்பாவின் மருந்து மாத்திரையெல்லாம் பார்ப்பது என் மனைவிதான். அவள் மட்டும் அப்பாவைக் கூட்டிப் போகக்கூடாது என்று நின்று எல்லாவற்றையும் குழப்புகிறாள். நீங்கள்தான் அவளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: உங்கள் மனைவிக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, தம்பி. உங்களுக்குத்தான் இருக்கிறது.

"டொக்டரிடம் இன்னும் கேட்கவில்லை, கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வார்." இதை எழுதிவிட்டு நீங்கள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. பதில் என்னவென்று தெரிந்ததால்தான் நீங்கள் கேட்காமல் இருக்கிறீர்கள். விபரம் தெரியாமல் ஒருவர் தகப்பனை மலைக்குக் கூட்டிப் போனால் பாவம் என்று விட்டுவிடலாம். உங்களை அப்படி விட முடியாது.

நுவரெலியாவில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறீர்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,900 மீற்றரைக்கூடத் தொடவில்லை. இந்த நாட்டிலேயே உயர்ந்த பீதுருதலாகலையின் உச்சி 2,524 மீற்றர். லேயில் நீங்கள் படுத்துத் தூங்கப்போகும் அறையே 3,500 மீற்றரில் இருக்கும். கர்துங் லா 5,359 மீற்றர். அங்கே மாட்டியிருந்த பலகை அதற்கும் மேலே, 18,380 அடி என்று சொல்லி வந்தது. அளந்து பார்த்தவர்கள் சொல்வது 17,582 அடி. அந்தக் குறைந்த கணக்கிலேயே காற்றின் அழுத்தம் வெள்ளவத்தைக் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் ஒட்சிசனும் அவ்வளவுதான். அதை ஈடுகட்ட இதயம் வேகமாக அடிக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்த இதயத்திடம் அந்த வேலையைக் கொடுக்கலாமா என்பதை உங்கள் அண்ணாவோ நானோ தீர்மானிக்க முடியாது.

இது போதாதென்று உங்கள் பயணத் திட்டம் வேறு. மணாலி ஏறத்தாழ 2,000 மீற்றர். 2020 இல் திறந்த அடல் சுரங்கப்பாதை ஒன்பது கிலோமீற்றரில் ரோதாங் கணவாயைக் கடத்திவிடும். அப்புறம் பாரலாச்சா லா கணவாய், கிட்டத்தட்ட 4,900. அன்று இரவே சர்ச்சுவில் 4,200க்கு மேல் படுக்கை. மறுநாள் தங்லாங் லா, 5,300க்கும் மேலே. நல்ல சுகமுள்ள இளைஞர்களே சர்ச்சுக் கூடாரத்தில் தலையிடியோடும் வாந்தியோடும் விடிய விடிய விழித்திருக்கிறார்கள். உயரத்தில் முக்கியம் பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட இரவில் எங்கே தூங்கினீர்கள் என்பதுதான். ஸ்ரீநகர் பக்கமாக வந்து கார்கிலில் தங்கி ஏறுகிறவர்களுக்கு உடம்பு பழக அவகாசம் கிடைக்கும். உங்கள் திட்டத்தில் அதுவும் இல்லை.

நுப்ராவின் ஹுண்டர் மணல்மேடுகள் லேயைவிடத் தாழ்வானவை, உண்மைதான். ஆனால் அங்கே அப்பாவுக்கு நெஞ்சு அடைத்தால்? பெரிய ஆஸ்பத்திரி லேயில். லேக்குத் திரும்ப அதே கர்துங் லாவை, அல்லது ஏறக்குறைய அதே உயரத்தில் இருக்கும் இன்னொரு கணவாயைத் தாண்டத்தான் வேண்டும். உயரத்தால் வரும் நோய்க்கு முதல் வைத்தியம் கீழே இறங்குவது. நீங்கள் நோயாளியை மேலே ஏற்றிக்கொண்டு போவீர்கள். டெல்லியில் வாங்கும் பிரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யாது, ஆகவே கொழும்பு டொக்டரை அவசரத்துக்குக் கூப்பிடலாம் என்றும் எண்ண வேண்டாம். டயமொக்ஸ் உடம்பு உயரத்துக்குப் பழக உதவும் மருந்து, இதயத்துக்குக் காவல் இல்லை. அவர் ஏற்கெனவே எடுக்கும் மருந்துகளோடு அது ஒத்துப்போகுமா என்பதையும் டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

அந்த இடம் அழகில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். இமயமலை பருவமழையை மறித்துவிடுவதால் அந்தப் பக்கம் முழுக்கக் காய்ந்த பூமி. லேக்கு ஒரு வருடத்தில் கிடைப்பது 100 மில்லிமீற்றர் அளவு மழை. கொழும்பில் ஒரே ஐப்பசியில் அதைவிடக் கூடக் கொட்டும். பனி மூடிய சிகரங்களுக்குக் கீழே மணல்மேடு, அதில் இரட்டைத் திமில் ஒட்டகங்கள், பழைய வணிகக் கூட்டங்கள் விட்டுப்போன இனம். பார்க்கத்தான் வேண்டும். நீங்களும் அண்ணாவும் போய்ப் பாருங்கள், வெளிநாட்டவருக்கு நுப்ரா போகத் தனி அனுமதி வேண்டும், அதையும் எடுத்துக்கொண்டு.

சரி, டொக்டரிடம் ஏன் கேட்கவில்லை? அவர் வேண்டாம் என்றால் அதை அண்ணாவிடம் போய்ச் சொல்ல வேண்டியது நீங்கள். செலவு முழுக்க அவருடையது. காணி விற்பது, வீட்டை இடித்துக் கட்டுவது, அம்மாவைக் கனடாவுக்கு எடுப்பது என்று வேறு வேறு விஷயமாக இதே கடிதம் எனக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து காசு போடுகிறவர் சொன்னால் ஊரில் இருக்கிறவர் வாயைத் திறப்பதில்லை. அண்ணா வருவார், கொஞ்ச நாள் நிற்பார், விமானம் ஏறிவிடுவார். அவருக்கு அப்பாமேல் உள்ள பாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்கு அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் காலி வீதியில் வாகனம் தேடி ஓடுவது நீங்கள். கூட இருக்கிற பிள்ளைக்குத்தான் 'வேண்டாம்' என்று சொல்லும் கடமை முதலில் இருக்கிறது. அந்தக் கடமையை உங்கள் இடத்தில் நின்று செய்வது மருமகள். அதற்குக் 'குழப்புகிறாள்' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

இன்னொன்று. இவ்வளவு நீளக் கடிதத்தில் அப்பா என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. வருடக்கணக்காகக் காணாத மகன் கூப்பிட்டால் எந்தத் தகப்பனும் "உங்கட விருப்பம்" என்றுதான் சொல்வார். அண்ணா இல்லாத நேரத்தில் அவரிடம் தனியாகக் கேளுங்கள். மகனோடு பத்து நாள் இருப்பதுதான் அவருக்கு வேண்டியது என்றால் அதற்கு மலை ஏற வேண்டியதில்லை. மணல் பார்க்க ஆசையென்றால் வடமராட்சியில் மணற்காடு இருக்கிறது, கடல் மட்டத்திலேயே.

இந்தக் கிழமையே அவருடைய இதய டொக்டரைச் சனல் பண்ணுங்கள். ஸ்டென்ட் வைத்த எல்லோருக்கும் உயரமான இடம் ஆகாது என்று விதி இல்லை. சோதித்துப் பார்த்துவிட்டு, மெதுவாக ஏறி லே வரை போகலாம் என்றுகூட அவர் சொல்லக்கூடும். மணாலி, சர்ச்சு, லே, நுப்ரா என்று ஒவ்வோர் இரவும் எந்த உயரத்தில், கர்துங் லா எவ்வளவு உயரம் என்பதை எழுதிக்கொண்டு போய் அவர் முன் வையுங்கள். என்ன சொன்னாலும் அன்று மாலையே அண்ணாவுக்கு நீங்களே போன் எடுத்துச் சொல்லுங்கள். டொக்டரிடம் போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள். அப்பா எந்த மாத்திரையை எப்போது எடுக்கிறார் என்று கேட்டால் உங்கள் மனைவியால்தான் பதில் சொல்ல முடியும்.