வாசகர் கேள்வி: பிளந்து உயரும் பாலம்

கேள்வி: லண்டன் டவர் பாலத்தின் சாலை கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிளந்து உயர்கிறதே, அவ்வளவு எடையை எப்படித் தூக்குகிறார்கள்? நெல்லையில் தாமிரபரணி மேல் நிற்கும் நம் சுலோச்சன முதலியார் பாலத்தை ஏன் அப்படிக் கட்டவில்லை?
– வாசகர் ஒருவர், கொக்கிரகுளம்.

பதில்: தூக்குகிறார்கள் என்பதைவிடச் சாய்க்கிறார்கள் என்பதே பொருந்தும். பின்முனையில் கல் கட்டிய துலா, கிணற்று வாளியை எளிதாக மேலே கொண்டுவருவதுபோல, ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பாதியையும் கோபுரத்தின் அடியறைக்குள் இறங்கும் எதிர் எடை சமன்செய்துவிடுவதால், இயந்திரத்துக்கு மிஞ்சுவது சிறு உந்தல்தான். 1894இல் பாலம் திறக்கப்பட்டபோது, நீராவி எந்திரம் அழுத்தித் தேக்கிய தண்ணீர் அந்த உந்தலைத் தந்தது. 1976 முதல் மின்சாரமும் எண்ணெய் அழுத்தமும் தருகின்றன.

பாலத்துக்கு மேற்கேயும் துறைகள் இருந்ததால், உயர்ந்த பாய்மரக் கப்பல்களுக்கு அங்கே வழி தேவைப்பட்டது. நம் தாமிரபரணியில் நெல்லைவரை கப்பல் ஏறி வந்ததில்லை. கடலோரத்துப் புன்னைக்காயலோடு கப்பல் நின்றுவிடும். 1843இல் முடிந்த நம் பாலம் எதிர்கொள்ள வேண்டியிருந்தது கொடிமரத்தை அல்ல, ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தை. தவிரவும், அதன் 11 வளைவுகளும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. நடுவே ஒன்றைத் திறந்தால் பக்கத்து வளைவுகளும் நிலைகுலையும். திறக்கும் பாலத்தை அருகில் பார்க்க வேண்டுமானால் பாம்பனுக்குப் போகலாம், ஆனால் அது ரயிலுக்கானது.