மருத்துவர் பதில்கள்: ஊதிப் பார்த்தால் வயிற்றுக் கிருமி தெரியுமா?

கேள்வி: குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் வேலை செய்கிறேன்; வயது 46. விடியுமுன் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகும்போது நெஞ்சுக்குழியில் எரிச்சல் எடுக்கிறது. மருந்துக்கடையில் அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் சாப்பிட்டு வருகிறேன். மீன்குழம்பில் காரத்தையும் குறைத்தாயிற்று. நாகர்கோவிலில் பார்த்த மருத்துவர், பையில் ஊதும் பரிசோதனை செய்யச் சொன்னார். அதில் கதிர்வீச்சு உண்டு என்றும், வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிதான் துல்லியமானது என்றும் மைத்துனர் சொல்கிறார். எதைச் செய்வது?

பதில்: உங்கள் மருத்துவர் தேடச் சொல்வது ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை. இரைப்பைப் புண்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரத்தையும் கவலையையுமே குற்றம் சொல்லிவந்த காலத்தில், இந்தக் கிருமியைக் காரணமாகக் காட்டிய ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே மீன்குழம்பின் மேல் முழுப் பழியையும் போட வேண்டாம்.

இந்தக் கிருமி யூரியேஸ் என்ற நொதியை ஏராளமாகச் சுரக்கிறது. நம் இரைப்பைச் செல்களில் அது கிடையாது. அடையாளமிட்ட கார்பன் கொண்ட யூரியாவை விழுங்கச் செய்தால், கிருமி இருக்கும் வயிற்றில் அது அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் உடைந்து, அந்த வாயு ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாக மூச்சில் வெளியேறும். பத்து முதல் முப்பது நிமிடங்களில் நீங்கள் ஊதும் காற்றில் அந்தக் கார்பன் இருக்கிறதா என்று கருவி பார்த்துச் சொல்லிவிடும்.

அடையாளமிட்ட கார்பனில் இரண்டு வகை உண்டு. கார்பன் 13 பயன்படுத்தினால் கதிர்வீச்சு அறவே இல்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதையே தேர்ந்தெடுப்போம். கார்பன் 14 மாத்திரையில் கதிர்வீச்சு உண்டு என்றாலும், அதன் அளவு மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதர் ஒரே நாளில் இயல்பாகப் பெறுவதைவிடக் குறைவு. மணவாளக்குறிச்சியின் இயல்பாகவே கதிர்வீச்சுள்ள மோனசைட் மணலோடு தலைமுறை தலைமுறையாக வாழும் மாவட்டத்துக்காரர்கள் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

நான் அஞ்சுவது உங்கள் பான்டோபிரசோலுக்குத்தான். அந்த மாத்திரை கிருமியைக் கொல்வதில்லை. ஆனால் அதன் எண்ணிக்கையையும் செயல்பாட்டையும் அமுக்கிவைப்பதால், கிருமி இருந்தும் ‘இல்லை’ என்று முடிவு வந்துவிடக்கூடும். அதைச் சாப்பிட்டுக்கொண்டே ஊதிப் பெற்ற ‘நெகட்டிவ்’ அறிக்கையை நான் நம்புவதில்லை. மருத்துவரிடம் சொல்லிவிட்டு, பரிசோதனைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே அதை நிறுத்துங்கள். ஆன்டிபயாடிக் மருந்தோ, வயிற்றுக்குக் கொடுக்கும் பிஸ்மத் மருந்தோ சாப்பிட்டிருந்தால் நான்கு வார இடைவெளி வேண்டும். இடையில் எரிச்சல் திரும்பினால், வெள்ளை நிற ஆன்டாசிட் திரவம் குடித்துச் சமாளிக்கலாமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பரிசோதனைக்கு முன் ஆறு மணி நேரம் கட்டஞ்சாயாவோ பீடியோகூடக் கூடாது என்பதால், வெட்டு இல்லாத நாளாகப் பார்த்துக் காலையிலேயே போவது நல்லது.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மை. புண் இருக்கிறதா என்று காண எண்டோஸ்கோப்பிதான் வேண்டும். கிருமி இருக்கிறதா என்று அறிய மூச்சுப் பரிசோதனை போதுமான அளவு துல்லியமானது. மலம் கறுத்துப் போதல், ரத்த வாந்தி, உடல் மெலிதல், விழுங்குவதில் சிரமம், ரத்தசோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் ஊதிப் பார்த்துக் காலம் கடத்தாமல் நேரே எண்டோஸ்கோப்பிக்குச் செல்லுங்கள்.

கேள்வி: இதே கிருமிக்கு 14 நாள் மாத்திரை சாப்பிட்டு முடித்தேன். பிறகு எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. மறுபடியும் மாத்திரை சாப்பிட வேண்டுமா? (தக்கலை வாசகி)

பதில்: ரத்தத்தில் பார்ப்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை, கிருமி ஒழிந்த பின்னும் அது மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். சிகிச்சை முடிந்து நான்கு வாரங்களேனும் கழித்து, மேலே சொன்ன கட்டுப்பாடுகளோடு மூச்சுப் பரிசோதனையோ மலத்தில் கிருமியின் கூறுகளையே தேடும் ஆன்டிஜன் பரிசோதனையோ செய்யுங்கள். அதிலும் கிருமி தெரிந்தால், பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரைகளை வாங்கிவிடாதீர்கள். முன்பு கொடுத்த ஆன்டிபயாடிக்குக்குக் கிருமி பழகிப்போயிருக்கலாம் என்பதால், மருத்துவர் வேறு கூட்டு மருந்தை எழுதுவார். அதில் பிஸ்மத் சேர்ந்திருந்தால் மலம் கறுப்பது வழக்கம்தான். ஆனால் அது தார்போல் ஒட்டினாலோ தலைசுற்றல் வந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.