பால் பத்தலன்னு யாரு சொன்னது?

வணக்கம் அக்கா,
நான் கொழிஞ்சாம்பாறை பக்கத்துல இருக்கேன், பொறந்த ஊரு பொள்ளாச்சி. சிசேரியன் ஆகி இன்னைக்கு 12ஆவது நாள், பொண்ணு. பொறந்தப்ப 2 கிலோ 900 இருந்தா, அஞ்சாம் நாள் பார்த்தா 2 கிலோ 700தான். அதுல இருந்து வீட்ல எல்லாரும் உனக்குப் பால் பத்தலங்கறாங்க. அத்தை டின் பவுடர் வாங்கி வெச்சுட்டாங்க, எங்கம்மா போன்ல சக்கரத்தண்ணி குடுங்கறாங்க, பக்கத்து வீட்டு சேச்சி வயம்பு (நம்ம வசம்புதான்) ஒரசி தேன்ல தொட்டு வைக்கச் சொல்றாங்க. சாயங்காலம் ஆனா பாப்பா மார விட்டு எறங்கவே மாட்டேங்கறா, ஒரே அழுகை. காம்பு வெடிச்சு ரத்தம் வருது. அவ வாயத் தொறந்தாலே எனக்கு பயமா இருக்கு. நான் நல்ல அம்மா இல்லையோன்னு தோணுது.
(பெயர் வேண்டாம்)

அம்மிணி,

உன் கடிதத்தப் படிச்சதும் மத்த வேலையெல்லாம் அப்படியே வெச்சுட்டு இத எழுத உட்கார்ந்துட்டேன். மொதல்ல அந்த 200 கிராம் கணக்கப் பேசிடலாம். பொறந்த குழந்தை எல்லாமே மொத நாலஞ்சு நாள்ல கொஞ்சம் எளைக்கும், நூத்துக்கு ஏழு பங்கு வரைக்கும் கொறையறது சாதாரணம்னு டாக்டருங்களே சொல்லுவாங்க, உன் பொண்ணு கொறைஞ்சதும் அந்த அளவுக்குள்ளதான் இருக்கு. அதுவும் ஆபரேஷன்னா பால் எறங்க ஒரு நாள் ரெண்டு நாள் தள்ளிப் போகும். ரெண்டு வாரம் ஆகறப்ப பழைய வெயிட்டுக்கு வந்துரணும், அதனால நாளைக்கே சப் சென்டர்லயோ ஹெல்த் சென்டர்லயோ திரும்ப வெயிட் போட்டுப் பாரு. அஞ்சாம் நாள் நம்பர வெச்சுக்கிட்டு இன்னைக்கு வரைக்கும் ஒரு பொண்ண அழ வைக்கிறது என்ன நியாயம்?

பால் பத்துதான்னு மாரப் பிதுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது, மாரு மெத்துனு ஆயிருச்சுங்கறத வெச்சும் சொல்ல முடியாது. துணியப் பாரு. ஒரு பகல் ஒரு ராத்திரிக்குள்ள ஆறு துணிக்கு மேல நல்லா நனையுதா, மூத்திரம் நெறமில்லாம இருக்கா, மஞ்சளா மூணு நாலு தடவ வெளிக்கிப் போறாளா, அப்ப அவ வயித்துக்குப் பால் போயிக்கிட்டுதான் இருக்கு, யாரு என்ன சொன்னாலும் சரி. சாயங்காலம் மார விடாம கெடக்கறது நெறைய குழந்தைக செய்யறதுதான். அவ உறிஞ்ச உறிஞ்சத்தான் உடம்பு அடுத்த வேளைக்கு அதிகமா சுரக்கும், எறைக்கிற கெணறுதான் ஊறும்னு நம்ம பக்கம் சொல்றது இதுக்கு அப்படியே பொருந்தும். அந்த நேரத்துல ஒரு பாட்டில் பவுடர் உள்ள போயிட்டா அவ தூங்கிருவா, மாரு காலியாகாது, அடுத்த நாள் நெசமாவே கொறையும். பால் பத்தலங்கற பேச்சே இப்படித்தான் பல வீட்ல உண்மையா ஆயிருது. ராத்திரிப் பால விட்டுறாத, பால் சுரக்க வைக்கிற ப்ரோலாக்டின்ங்கற ஹார்மோன் ராத்திரியிலதான் ஜாஸ்தி.

இப்ப அந்த வெடிப்பு. இத நான் அனுபவிச்சிருக்கேன், பல்லக் கடிச்சுக்கிட்டு கண்ணுல தண்ணியோட குடுத்திருக்கேன். அப்ப சப் சென்டர்ல இருந்து வீட்டுக்கு வந்த ஒரு சிஸ்டர் பேசாம பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு, குழந்தைய முழுசா எம்பக்கம் திருப்பி அது வயிறு என் வயித்தோட ஒட்டற மாதிரி வெச்சு, காம்ப மேலுதட்டுல லேசா தொட்டுக் காட்டுனாங்க. "மோளே, குஞ்ஞு வாய் நல்லோணம் துறக்கட்டே, திருதி வேண்டா"ன்னாங்க, குழந்தை நல்லா வாயத் தொறக்கட்டும், அவசரப்படாதன்னு அர்த்தம். அது கொட்டாவி விடற அளவுக்கு வாயத் தொறந்ததும் சட்டுனு மார்ல சேர்த்தாங்க. காம்பு மட்டும் இல்ல, சுத்தி இருக்கற கருப்பும் கீழ்ப்பக்கம் முக்கால்வாசி வாய்க்குள்ள போச்சு, கீழுதடு வெளிய மடங்கி தாடை மார்ல அழுந்தி இருந்துச்சு. மொத ஒரு இழுப்பு வலிச்சுது, அப்புறம் வலியே இல்ல, முழுங்கற சத்தம் மட்டும் கேட்டுச்சு. சேரலைன்னா உன் சுண்டுவிரல அவ வாயோரம் விட்டு எடுத்துட்டு மறுபடி வை, வெடுக்குனு இழுக்காத. குடுத்து முடிச்சதும் ரெண்டு சொட்டுப் பாலையே காம்புல தடவிக் காத்தாட விடு. தையல் வலிக்குதுன்னா ஒருக்களிச்சுப் படுத்துக் குடுக்கலாம்.

சக்கரத்தண்ணியும் வேண்டாம், வயம்பும் வேண்டாம், தேன் ஒரு வயசு வரைக்கும் கூடவே கூடாது. நம்ம எல்லைப் பக்கத்துல பொள்ளாச்சி வழக்கம் ஒண்ணு, பாலக்காட்டு வழக்கம் ஒண்ணுனு ரெண்டும் சேர்ந்து குழந்தை வாய்க்குத்தான் வருது. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, பாலக்காட்டு வெயில்லயும் தனியா தண்ணி வேண்டாம், பால்லயே தண்ணி இருக்கு. அம்மாவும் சேச்சியும் பாசத்துல சொல்றாங்க, சண்டை போடாத, டாக்டர் வேண்டாம்னுட்டாங்கன்னு சொல்லிரு.

அத்தைக்கு ஒண்ணு சொல்லணும். அத்தை, இந்தக் கடிதத்த நீங்க படிக்கறீங்கன்னா, மருமகளுக்கு வேளாவேளைக்கு சூடா சோறு, பூண்டுக் கொழம்பு, முருங்கைக்கீரை, குடிக்க நெறையத் தண்ணி குடுங்க, பால் குடுத்து முடிச்சதும் பாப்பாவ வாங்கித் தோள்ல போட்டு ஏப்பம் விட வெச்சுட்டு அவள ஒரு மணி நேரம் தூங்க விடுங்க. டின் பவுடர விட அது பெரிய உதவி. குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரமே செய்யக் கூடாதுன்னு 1992லயே சட்டம் வந்திருக்கு, அத யோசிங்க.

அதே சமயம் அம்மிணி, நெசமாவே சுரப்பு கொறைவா இருக்கற அம்மாக்களும் இருக்காங்க, குறைமாசக் குழந்தைகளும் இருக்கு. அவங்களுக்காகத்தான் 2021ல எறணாகுளம் ஜெனரல் ஆஸ்பத்திரில தாய்ப்பால் பேங்க் ஆரம்பிச்சாங்க. நாளைக்கு வெயிட் ஏறாம டாக்டரே பார்த்து கொஞ்ச நாளைக்குப் பவுடர் சேர்க்கச் சொன்னா சேர்த்துக்க, அதுல உன் தாய்மை ஒண்ணும் கொறையாது.

பாப்பா எழுப்புனாலும் குடிக்காமத் தூங்கிக்கிட்டே இருந்தாலோ, துணி நனையறது கொறைஞ்சாலோ, கண்ணுலயும் தோல்லயும் மஞ்சள் ஏறினாலோ, உடம்பு சுட்டாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. உனக்குக் காய்ச்சல் வந்து மாரு செவந்து கல்லாட்டம் ஆனாலும் அப்படித்தான், அப்பவும் பால் குடுக்கறத நிறுத்த வேண்டாம். உனக்கு வர்ற இந்த அழுகை பிரசவமாகி ரெண்டு வாரத்துக்கு மேலயும் போனா, இல்ல மனசுல வேற மாதிரி நெனப்பு வந்தா, தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட வாய் விட்டுச் சொல்லு, அதுக்கும் மருந்து இருக்கு.

உங்க ஊருக்கு வர்ற ஆஷா சேச்சிக்கு (கிராம சுகாதாரப் பணியாளருக்கு) இன்னைக்கே போன் போட்டு, பால் குடுக்கறப்ப பக்கத்துல உக்காந்து பார்க்கணும்னு கேளு. வெயிட் எவ்வளவுனு எனக்கு எழுது, காத்துக்கிட்டு இருப்பேன்.

அக்கா