சனிக்கிழமை ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை ரேங்கிங்: ஆன் ஆர்பருக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காக ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மிச்சிகனில் ஆன் ஆர்பருக்கு வேலைக்கு வந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. சனிக்கிழமை வந்தால் ஊரே மிச்சிகன் பல்கலைக்கழக அணியின் மஞ்சளும் நீலமுமாக மாறிவிடுகிறது, காரை வெளியே எடுக்க வழியில்லை. திங்கட்கிழமை ஆபீஸில் காபி எடுக்கப் போனால் "நாம் எத்தனையாவது இடம், அவர்கள் எப்படி நமக்கு மேலே வந்தார்கள்" என்று ஒரே பேச்சு. புள்ளிப் பட்டியல் தேடினால் கிடைக்கவில்லை. இந்த ரேங்கிங்கை யார் போடுகிறார்கள்? காலேஜ் பையன்கள் ஆடும் அமெரிக்க ஃபுட்பாலுக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்? இதையெல்லாம் நாம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஊரில் பெட்ரோல் பங்கில் நிற்பவரிடமும் பல் டாக்டரிடமும் பேச்சுக் கொடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. அதோடு, புரிய ஆரம்பித்துவிட்டால் ஆட்டம் நிஜமாகவே நன்றாக இருக்கும். என் வீட்டில் செப்டம்பர் பிறந்தால் சனிக்கிழமைக்கு வேறு எந்த வேலையும் வைப்பதில்லை.

சரி, ரேங்கிங் விஷயத்துக்கு வருகிறேன். நமக்கு ஐ.பி.எல். பழக்கம். பத்து அணி, ஆளுக்கு 14 லீக் ஆட்டம், ஜெயித்தால் இரண்டு புள்ளி, சமமாக வந்தால் நெட் ரன் ரேட். இங்கே மேல் பிரிவில் மட்டும் 130-க்கும் அதிகமான காலேஜ் அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆகஸ்ட் கடைசியிலிருந்து நவம்பர் முடிவதற்குள் ஆடுவது 12 ஆட்டம். அதிலும் முக்கால்வாசி தன் கான்ஃபரன்ஸுக்குள்ளேயே, அதாவது தான் சேர்ந்திருக்கும் அணிக் குழுவுக்குள்ளேயே. மிச்சிகன் 'பிக் டென்' கான்ஃபரன்ஸில், ஜார்ஜியா தெற்கே 'எஸ்.இ.சி.' என்கிற தென்கிழக்கு கான்ஃபரன்ஸில். இரண்டும் ஒரு வருடம் முழுக்கச் சந்திக்காமலே போகலாம். சந்திக்காத இரண்டு அணிகளில் எது பெரியது என்று எந்தப் புள்ளிக் கணக்காலும் சொல்ல முடியாது. ஆட்டம் பார்த்தவர்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டியதுதான். அந்தத் தீர்ப்புக்குப் பெயர்தான் ரேங்கிங்.

அதில் பழையது அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 1936-லிருந்து நடத்தும் ஏ.பி. ரேங்கிங். நாடு முழுக்க ஏறத்தாழ 60 விளையாட்டுச் செய்தியாளர்கள், ஒவ்வொருவரும் தன் கணிப்பில் முதல் 25 அணிகளை வரிசையாக எழுதி அனுப்புவார்கள். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 24, இப்படி இறங்கி 25-ஆம் இடத்துக்கு ஒன்று. எல்லாவற்றையும் கூட்டி ஞாயிற்றுக்கிழமை வெளியிடுவார்கள். யார் எப்படி ஓட்டுப் போட்டார் என்பதும் வெளியே தெரியும், அதற்காகத் திட்டு வாங்குபவர்களும் உண்டு. சீசன் தொடங்கும் முன்பே, ஒரு பந்துகூட எறியாத நிலையில், ஆகஸ்டில் ஒரு ரேங்கிங் வரும். பழைய பெருமையை வைத்துப் போடும் அந்தப் பட்டியலில் மேலே ஆரம்பித்த அணி தோற்றாலும் மெதுவாகத்தான் இறங்குகிறது. கீழே ஆரம்பித்த அணி வரிசையாக ஜெயித்தாலும் ஏறுவதற்கு வாரக்கணக்கில் ஆகிறது. எனக்கு இது பிடிக்காத ஏற்பாடு. அக்டோபர் வரை ஆட்டத்தைப் பார்த்துவிட்டு முதல் பட்டியலைப் போட்டால் என்ன குறைந்துவிடும்?

ஒரு வார இறுதியைக் காட்டினால் மீதி தானாகப் புரிந்துவிடும். 2024 அக்டோபர் 5. அதற்கு முந்தின சனிக்கிழமைதான் அலபாமா 41-34 என்று ஜார்ஜியாவைத் தோற்கடித்து நம்பர் ஒன் ஆகியிருந்தது. அடுத்த ஆட்டம் நாஷ்வில்லில் வாண்டர்பில்ட்டுடன். வாண்டர்பில்ட் படிப்புக்குப் பேர்போன பல்கலைக்கழகம். ஃபுட்பாலில் அப்போது எஸ்.இ.சி.யின் கடைசிப் பெஞ்சு. 1984-க்குப் பிறகு அலபாமாவை அவர்கள் ஜெயித்ததே இல்லை. ஏ.பி. பட்டியலில் முதல் ஐந்து இடத்தில் இருந்த எந்த அணியையும் அதுவரை வீழ்த்தியது கிடையாது. அன்று 40-35 என்று ஜெயித்தார்கள்.

ஏதோ அதிர்ஷ்டத்தில் வந்த வெற்றி என்று அதைச் சொல்ல முடியாது. 60 நிமிட ஆட்டத்தில் சுமார் 42 நிமிடம் பந்து வாண்டர்பில்ட் கையில் இருந்தது. இந்த ஆட்டத்தில் நான்கு முயற்சிக்குள், அதாவது நான்கு 'டவுன்'களுக்குள், பத்து கஜம் முன்னேறினால் பந்து உங்களிடமே தங்கும், மறுபடி நான்கு முயற்சி. இல்லாவிட்டால் எதிரணிக்குப் போய்விடும். வாண்டர்பில்ட்டின் குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், டியேகோ பாவியா மூன்றாவது முயற்சியில் திரும்பத் திரும்ப அந்தப் பத்து கஜத்தை எடுத்துக்கொண்டே இருந்தார். அலபாமாவின் பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதாகிவிட்டது. பாவியா பெரிய காலேஜ்கள் தேடிப் போகாத பையன். நியூ மெக்சிகோவில் ஒரு ஜூனியர் காலேஜில் ஆரம்பித்து, நியூ மெக்சிகோ ஸ்டேட் போய், அங்கிருந்து வாண்டர்பில்ட் வந்தவர். ஆட்டம் முடிந்ததும் மாணவர்கள் மைதானத்தில் இறங்கி கோல் போஸ்ட்டைப் பிடுங்கித் தோளில் தூக்கிக்கொண்டு, பிராட்வே தெரு வழியாக நடந்தே போய் கம்பர்லேண்ட் ஆற்றில் போட்டார்கள். மைதானத்தில் கூட்டம் இறங்கியதற்காகப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம்.

அதே நாளில் நான்காம் இடத்து டென்னசி, ரேங்கிங்கிலேயே இல்லாத ஆர்கன்சாவிடம் 19-14 என்று தோற்றது. ஒன்பதாம் இடத்து மிசூரியை டெக்சாஸ் ஏ அண்ட் எம் 41-10 என்று நசுக்கியது. பத்தாம் இடத்தில் இருந்த நம் மிச்சிகன் சியாட்டிலில் வாஷிங்டனிடம் 27-17. பதினொன்றாம் இடத்து யு.எஸ்.சி. (தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மின்னசோட்டாவிடம் 24-17. ஒரே நாளில் முதல் 11 அணிகளில் ஐந்து காலி.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் மிச்சிகனில் படித்தவர், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை காலை ஏ.பி. பட்டியல் வருவதற்கு முன்பே, பிரித்த தபால் உறையின் பின்பக்கத்தில் தன்னுடைய 25-ஐப் பென்சிலால் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுவார். அந்த ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். எழுதுகிறார், அழிக்கிறார், மறுபடி எழுதுகிறார். தோற்ற அலபாமாவை எங்கே வைப்பது? முந்தின வாரம் ஜார்ஜியாவை ஜெயித்திருக்கிறார்களே, அப்படியென்றால் ஜார்ஜியாவுக்குக் கீழே வைப்பது நியாயமா? ஜெயித்த வாண்டர்பில்ட்டை உள்ளே கொண்டுவரலாம் என்றால், இரண்டு வாரம் முன்பு மிசூரியிடம் தோற்றிருக்கிறார்கள், அதற்கு முன் ஜார்ஜியா ஸ்டேட்டிடமும் தோற்றிருக்கிறார்கள். ஒன்றைத் தொட்டால் நாலு நகர்கிறது. மதியம் வந்த ஏ.பி. பட்டியலில் டெக்சாஸ் நம்பர் ஒன், ஜார்ஜியா ஐந்து, அலபாமா ஏழு, மிச்சிகன் 24. வாண்டர்பில்ட்டுக்கு அந்த வாரம் இடமே கிடைக்கவில்லை. இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்கள். பெரியவர் தன் காகிதத்தையும் ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டார். உங்கள் ஆபீஸில் திங்கட்கிழமை நடப்பதும் இதேதான். கேள்வி நியாயமானது, பதில் யாரிடமும் முழுதாக இல்லை, அதனால் பேச்சு நிற்பதே இல்லை.

அவரிடம் ஒருநாள் 1997-ஐப் பற்றிக் கேட்டுப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது, உங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருவர் இருப்பார். அந்த வருடம் மிச்சிகன் ஒரு ஆட்டமும் தோற்கவில்லை, நெப்ராஸ்காவும் தோற்கவில்லை. இரண்டும் மோதவே இல்லை. ஏ.பி. மிச்சிகனைச் சாம்பியன் என்றது, பயிற்சியாளர்கள் ஓட்டுப் போடும் இன்னொரு ரேங்கிங் நெப்ராஸ்காவை என்றது. இன்றுவரை இரண்டு ஊரும் அதை ஒத்துக்கொள்வதில்லை. இந்தக் குழப்பம் வேண்டாம் என்று 1998 சீசனிலிருந்து முதல் இரண்டு அணிகளை மோதவிட்டார்கள், 2014 சீசனிலிருந்து நான்கு அணி ப்ளேஆஃப், 2024 சீசனிலிருந்து பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது ஏ.பி. இல்லை, இதைப் புதிதாக வந்தவர்கள் குழப்பிக்கொள்வார்கள். 13 பேர் கொண்ட தனிக் கமிட்டி ஒன்று டெக்சாஸில் கூடி, நவம்பர் தொடக்கத்திலிருந்து செவ்வாய்க்கிழமை இரவுகளில் தன் ரேங்கிங்கை அறிவிக்கும். டிசம்பர் முதல் வார இறுதியில் கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டங்கள் முடிந்த மறுநாள் கடைசிப் பட்டியல். ஆக, நவம்பர் வரை ஏ.பி. பட்டியலை வைத்துப் பேசுங்கள், அப்புறம் கமிட்டி சொல்வதைப் பாருங்கள்.

கமிட்டி மீதும் கோபம் இல்லாமல் இல்லை. 2023-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் 13-க்கு 13 ஜெயித்து தன் கான்ஃபரன்ஸ் சாம்பியனாகவும் வந்தது. ஆனால் அவர்களுடைய குவாட்டர்பேக்குக்குக் காலில் பெரிய அடி. அவர் இல்லாமல் இந்த அணி பழைய அணி இல்லை என்று சொல்லி, ஒரு ஆட்டம் தோற்றிருந்த அலபாமாவை நான்காவதாக எடுத்துக்கொண்டார்கள். நான் மிச்சிகன் ரசிகை, அந்த வருடம் கோப்பை எங்களுக்குத்தான் வந்தது. இருந்தாலும் அந்தத் தீர்ப்பு தப்பு என்றுதான் நினைக்கிறேன். ஆடி ஜெயித்த ஆட்டத்தை, இனிமேல் எப்படி ஆடுவார்கள் என்ற ஊகத்தால் அழிக்கக் கூடாது.

காலேஜ் ஆட்டத்துக்கு ஏன் இவ்வளவு என்று கேட்டீர்கள். தொழில்முறை என்.எஃப்.எல். அணிகள் மொத்தமே 32, பெரும்பாலும் பெருநகரங்களில். அலபாமா மாநிலத்தில் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு மாநிலத்திலும் அப்பா படித்த, அக்கா படித்த, அல்லது யாருமே படிக்காவிட்டாலும் 'நம்முடையது' என்று சொல்லும் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆடுபவர்களும் இப்போது வெறுங்கையோடு ஆடுவதில்லை. 2021-லிருந்து தங்கள் பெயரை வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், 2025-லிருந்து பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். இதனால் ஆட்டத்தின் அழகு போய்விட்டது என்று புலம்புபவர்கள் ஆபீஸில் கட்டாயம் இருப்பார்கள். லட்சம் பேர் டிக்கெட் வாங்கிப் பார்க்கும்போது ஆடுகிற பையனுக்கும் ஒரு பங்கு போவதுதான் முறை என்பது என் கட்சி.

இன்னொரு நாளையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும்: நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, ஓஹியோ ஸ்டேட்டுடன் ஆட்டம். ரேங்கிங் எல்லாம் அன்று செல்லாது. 2024-ல் மிச்சிகன் ரேங்கிங்கிலேயே இல்லை, ஓஹியோ ஸ்டேட் இரண்டாவது இடம், ஆட்டமும் அவர்கள் ஊரான கொலம்பஸில். கடைசி 45 விநாடி இருக்கும்போது ஒரு ஃபீல்டு கோல் அடித்து, அதாவது பந்தை உதைத்து கோல் போஸ்ட் கம்பங்களுக்கு நடுவே அனுப்பி, மிச்சிகன் 13-10 என்று ஜெயித்தது. ஓஹியோ ஸ்டேட்டுக்கு அது இரண்டாவது தோல்வி. நான்கு அணி ப்ளேஆஃப் இருந்த காலத்தில் இரண்டு தோல்வியோடு யாரும் உள்ளே போனதில்லை. பன்னிரண்டு ஆனதால் போனார்கள், டென்னசி, ஆரெகான், டெக்சாஸ், கடைசியில் நோட்ர டேம் என்று எல்லோரையும் ஜெயித்து 2025 ஜனவரியில் கோப்பையையும் தூக்கிவிட்டார்கள். ஆன் ஆர்பரில் கேட்டால் அந்த வருடம் 13-10-தான் பெரிது என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

இனி நடைமுறை. மிச்சிகன் மைதானத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். 1927-ல் தரைக்குள் தோண்டிக் கட்டியது, அதனால் வெளியிலிருந்து பார்த்தால் அவ்வளவு பெரிதாகத் தெரியாது. வாசலைத் தாண்டியதும் உச்சி வரிசையில் நின்றுகொண்டு கீழே பார்ப்பீர்கள், அந்த முதல் பார்வைக்காகவே ஒருமுறை போக வேண்டும். முதல் தடவைக்கு செப்டம்பரில் சின்ன அணியுடன் நடக்கும் ஆட்டமாகப் பாருங்கள், டிக்கெட் மலிவு, குளிரும் இருக்காது. சின்ன அணி என்று அலட்சியமாகவும் பேசிவிடாதீர்கள். 2007-ல் ஐந்தாம் இடத்தில் இருந்த மிச்சிகனை, கீழ்ப்பிரிவிலிருந்து வந்த அப்பலேசியன் ஸ்டேட் இதே மைதானத்தில் 34-32 என்று வீழ்த்தியது, உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. இருக்கைகள் நீள பெஞ்சுகள், தோளோடு தோள் இடிக்கும். பை விஷயத்தில் கெடுபிடி அதிகம், கிளம்பும் முன் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் ஆட்டம் என்றால் குளிர்தாங்கும் தெர்மல் உள்ளாடை போட்டுக்கொண்டு, உட்காரக் கனமான போர்வை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புச் சட்டை மட்டும் வேண்டாம், அது ஓஹியோ ஸ்டேட் நிறம்.

ஆட்டத்துக்கு முன் வெளியே புல்வெளியிலும் பள்ளிக்கூட பார்க்கிங்கிலும் காருக்குப் பின்னால் அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள், டெயில்கேட் என்பது அதுதான். ஆபீஸில் யாராவது கூப்பிட்டால் தயங்காமல் போங்கள். சைவமாக இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட்டு, நீங்களும் ஒரு ட்ரே மசாலா வடை எடுத்துப் போங்கள், பத்து நிமிடத்தில் காலியாகிவிடும்.

டி.வி.யில் பார்ப்பதாக இருந்தால் சனிக்கிழமை மதியம் பன்னிரண்டு மணிக்குள் மளிகை வேலையை முடித்துவிடுங்கள். சொந்த ஊர் ஆட்டம் உள்ள நாளில் ஸ்டேடியம் பூல்வார்டு பக்கமே போக வேண்டாம், கேன்டன் பக்கம் உள்ள இந்தியக் கடைக்கு நெடுஞ்சாலையில் போய்விட்டு வந்துவிடலாம். ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடும். முதல் சில வாரம் பந்து எங்கே போகிறது என்றே தெரியாது, அந்த நான்கு டவுன் கணக்கை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மதியம் பட்டியல் வந்ததும் முதல் பத்தை ஒருமுறை படித்துவிட்டு, திங்கட்கிழமை யாரிடமாவது "தோற்ற அணியை எத்தனை இடம் இறக்கியிருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். மீதியை அவர்களே சொல்லித்தருவார்கள். சந்தேகம் வந்தால் என்னையும் கேளுங்கள் தம்பி, சனிக்கிழமை ஆட்ட நேரம் தவிர எப்போது வேண்டுமானாலும் பதில் போடுகிறேன்.